‘யாரு?’ என்று கேட்கும் கம்ப்யூட்டர்

கறுப்புத் திரையில், ஆங்கில எழுத்தில், ஒரே ஒரு கேள்வி: ‘யாரு?’ என் கடைப் பார்ட்னர் இறந்து இத்தனை வருடமாகியும் அவருடைய கம்ப்யூட்டரைப் போட்டால் இதைத்தான் கேட்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் வரியை எடுத்துவிட்டு அவரே எழுதி வைத்தது. லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தின் புரோகிராம் கோடு எல்லோருக்கும் திறந்து கிடப்பதால் அப்படிச் செய்யலாம்.

அவர் நாகலாபுரத்துக்காரர். இன்டர்நெட் வந்த புதிதில் திருப்பதியில் இருவரும் சேர்ந்து பிரௌசிங் சென்டர் வைத்தோம். என் வரிசையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய கம்பெனி சிஸ்டம், அதுவும் திருட்டுக் காப்பி. அவர் வரிசையில் லினக்ஸ். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு ‘கோவிந்தா’தான். என் மிஷின்களுக்கும் அதே. “சாமி பேர வச்சா சாமியே காவல் காக்கும்னு நெனச்சுக்கினு கீறியா?” என்று சிரிப்பார்.

“ஊருக்கே தெரிஞ்ச கோடுல என்னய்யா பத்திரம்?” என்று நானும் விடமாட்டேன்.

“ஊரே பாத்துக்கினு இருந்தா, ஓட்டை எங்கன்னு எவனாச்சும் சொல்லிடுவான்பா. சாவி மட்டும் நம்மகிட்ட இருந்தா போதும்.”

ஒருநாள் வைரஸ் வந்து என் வரிசை மொத்தமும் படுத்தது. அவர் வரிசை அசையவில்லை. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. திருட்டுக் காப்பிக்கு அப்டேட் எங்கிருந்து வரும்?

பிறகு அவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. மனைவி அப்போது மாசமாக இருந்தார். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க முடியாதே என்று, அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் குரலில் இந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தார். கடைக்கு வருகிறவன் போகிறவன் கேட்கக் கூடாதென்று, யாரிடமும் சொல்லாத பாஸ்வேர்டு போட்டு டிஸ்க்கையே பூட்டினார். விசாவுக்காகச் சென்னைக்குப் போன பஸ் தடா அருகே கவிழ்ந்தது. அவர் குரல் உள்ளேயே நின்றுவிட்டது.

என் மிஷினில் பாஸ்வேர்டு மறந்தால் ஒரு சிடியைப் போட்டுத் திறந்துவிடுவேன். அவருடைய பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று வரிக்கு வரி படிக்கக் கிடைக்கிறது, திறக்கத்தான் முடியவில்லை. அவர் மனைவி ‘கோவிந்தா’வில் தொடங்கி எல்லாப் பெயரையும் அடித்துப் பார்த்து அழுது ஓய்ந்தார். கடையை மூடிய பிறகும் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா முகமே பார்க்காத மகள் இப்போது பெங்களூரில் இதே கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கிறாள். போன மாதம் வந்தாள். தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“ஓட்டையே இல்ல மாமா. நைனா நல்லாத்தான் பூட்டிகீறாரு.”

அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் நின்றாள். ‘உங்க பொண்ணு’ என்று அடித்து எண்டரைத் தட்டினாள். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் கேட்டது.

‘யாரு?’