ஜெயபாரதி அடைத்த ஓட்டை

இயற்பியல் ஆய்வகத்தில் ஜெயபாரதிக்கு அடங்காத கருவி கிடையாது. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே போதும், ஆடாமல் கிடந்த கால்வனாமீட்டர் முள் துடித்தெழுந்து ஓடும். மயிலாப்பூர் முழுக்கத் தார் உருகிய ஒரு சித்திரையில், தெர்மாமீட்டர்கள் வரிசைகட்டி வந்து அவளிடம் லீவு கேட்டன என்று மாணவிகள் சத்தியம் செய்வார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பெண்கள் கல்லூரிக்குப் பெருக்கித் துடைக்க வந்தவள், இருபத்தாறு வருஷத்தில் ஆய்வக உதவியாளர் ஆகியிருந்தாள். மந்தைவெளியிலிருந்து நடந்தே வருவாள். பெரிய கண்கள், அவற்றில் பட்டையாகத் தீட்டிய மை, இடுப்பில் செருகிய மஞ்சள் துணி. செய்முறைத் தேர்வு நாளில் 'அக்கா, இது வேலை செய்யல' என்று ஒருத்தியும் சொல்லிவிடக் கூடாது. அவள் கௌரவம் மொத்தமும் அதில்தான் இருந்தது.

அந்தக் கௌரவம்தான் இந்த ஏப்ரலில் அவளைக் கவிழ்த்தது.

துறைத்தலைவி தாரணி புதிதாக ஒரு சோதனையைச் சேர்த்திருந்தார். இருட்டறையில் ஒரு லேசர், அதன் கதிரை விரிக்க ஒரு லென்ஸ், அதற்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. சைக்கிள் சக்கரத்துக்குள் கிடக்குமே பால்ரஸ் குண்டு, அதில் மிளகைவிடச் சிறிய ஒன்று தகட்டின் நடுவில் ஒட்டியிருந்தது. எதிரே வெள்ளைத் திரையில் அதன் வட்ட நிழல் விழும். எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிட்டு அவர் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

தேர்வுக்கு முந்தின மாலை ஜெயபாரதி லேசரைப் போட்டுப் பார்த்தாள். நிழல் விழுந்தது. நிழலின் நட்டநடுவில், ஊசியால் குத்தியதுபோல ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது.

"அய்யய்ய, இன்னாது இது? குண்டுல ஓட்டை கீது போல."

எஃகுக் குண்டில் ஓட்டை எப்படி வரும் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. நிழல் என்றால் இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? எங்கேயோ வெளிச்சம் ஒழுகுகிறது. ஒழுகினால் அடைத்துவிட வேண்டியதுதான். கைப்பையிலிருந்து கண்மை டப்பாவை எடுத்து, குண்டைச் சுற்றி விரலால் கெட்டியாக அப்பினாள். புள்ளி போயே போய்விட்டது. கன்னங்கரேல் என்று ஒரு நிழல். ஒழுகும் கூரையை அடைத்த கொத்தனாரைப்போல இடுப்பில் கைவைத்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சீட்டுக் குலுக்கியதில் அந்தச் சோதனை ரூஹிக்கு விழுந்தது. திருவல்லிக்கேணிப் பெண். எம்.எஸ்ஸி. இடத்துக்கு இந்த மதிப்பெண்ணைத்தான் நம்பியிருந்தாள். அரைமணி நேரம் கழித்து இருட்டறையின் கறுப்புத் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"அக்கா, நிழல்ல புள்ளி வரவே மாட்டேங்குது. அப்பரேட்டஸ் சரியா இருக்கா?"

"என் கைபட்ட சாமான்ல கோளாறா? எல்லாம் சோக்கா கீது பாப்பா. கண்ணைத் தொடச்சிக்கினு பாரு."

புள்ளி என்று கேட்டதுமே ஜெயபாரதிக்கு நேற்றைய சிவப்பு நினைவுக்கு வரத்தான் செய்தது. நாம் அடைத்த ஓட்டை இவளுக்கு எதற்கு என்று ஒரு நொடி உறுத்தியது. வாயைத் திறந்தால் தேர்வு நாளில், எல்லோர் முன்னாலும், அவள் கருவியில் குறை என்றாகிவிடும். அந்த நொடியைத் தாண்டிப் போய்விட்டாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ராஜரத்தினம் ரூஹியின் தாளைக் கையில் எடுத்தார். 'நிழலின் மையத்தில் ஒளிப்புள்ளி தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது? புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தியா?"

"புத்தகத்துல தெரியும்னுதான் சார் இருக்கு. எனக்குத் தெரியல. பார்க்காததை எப்படி சார் எழுதறது?"

"அப்போ வெளிச்சத்துக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்றவர், சிவப்புப் பேனாவால் முடிவுக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டார்.

வராந்தாக் குழாயடியில் ரூஹி முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். ஜெயபாரதி அருகில் போனாள்.

"ஒரு புள்ளிக்கா இம்மாம் அழுவ?"

"அந்தப் புள்ளிதான்க்கா மொத்தச் சோதனையும். வெளிச்சம் அம்பு மாதிரி நேரா மட்டும் போச்சுன்னா நிழலுக்கு நடுவுல இருட்டாத்தான் இருக்கணும். அது அலைக்கா. குண்டோட ஓரத்தைச் சுத்தி வளைஞ்சு உள்ளே வரும். நடு இடத்துக்கு எல்லா ஓரத்துலேர்ந்தும் ஒரே தூரம். அதனால எல்லா அலையும் அங்க ஒண்ணா எழும்பி மினுக்கும். ஓரம் சுத்தமான வட்டமா இருந்தாப் போதும், வந்தே தீரும். எனக்கு மட்டும் வரல. என் கண்ணுலதான் ஏதோ கோளாறு."

ஓரம் என்றதும் ஜெயபாரதி நேற்று மை அப்பிய தன் விரலைப் பார்த்தாள். "வூட்டுக்குப் போய் சாப்புடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

இருட்டறைக்குள் போய், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் குண்டைச் சுற்றித் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. லேசரைப் போட்டாள். கோபித்துக்கொண்டு போன விருந்தாளி திரும்பி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்ததுபோல, புள்ளி வந்து உட்கார்ந்திருந்தது.

மதிப்பெண் பட்டியல் உறைக்குள் போவதற்குமுன் தேர்வாளரிடம் சொல்லிவிட வேண்டும். மேசைவரை போனவளுக்கு உண்மை வரவில்லை. அதன் தங்கச்சிதான் வந்தாள்.

"சார், அந்தக் குண்டுல தூசி இருந்துச்சு சார். தொடச்சிட்டேன். இப்ப புள்ளி தெரியுது."

"தூசியா? துடைச்சுட்டுப் பார்க்க வேண்டியது யாரு? அந்தப் பொண்ணுதானே? அப்பரேட்டஸைச் சுத்தம் பண்ணத் தெரியாததுக்குச் செய்முறை மார்க்லயும் ரெண்டு குறைக்கணும்." அவர் பேனா மூடியைத் திறந்தார்.

பொய் சும்மா போகவில்லை. போகிற வழியில் அந்தப் பெண்ணை இன்னொரு மிதி மிதித்துவிட்டுப் போனது.

"தூசி இல்ல சார்!" ஜெயபாரதி பட்டியலின் மேலேயே கையை வைத்துவிட்டாள். "மை. என் கண்ணுக்குப் போடற மை. நான்தான் சுத்தி அப்பினேன். சரியா கீதான்னு அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. கீதுன்னு சொல்லிட்டேன்."

ராஜரத்தினம் அவள் கண்களையே பார்த்தார். "மையா? எதுக்கும்மா?"

"வெளிச்சம் ஒழுவுச்சு சார்."

மற்ற நாளாயிருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

"இதை எழுதி உங்க மேடத்துக்கு அனுப்பணும், தெரியுமில்ல?"

"அனுப்புங்க சார். மொதல்ல அந்தப் பொண்ணைக் கூப்புடறேன்."

பேருந்து நிறுத்தத்திலிருந்து ரூஹி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். தேர்வாளரே பின்னால் நின்று பார்த்தார். இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "தெரியுது சார்."

"எழுது. முதல்ல எழுதினதை அடிச்சுடாதே. அதுவும் நீ பார்த்த நிஜம்தான்."

பூஜ்யம் போய் முழு மதிப்பெண் வந்தது. வராந்தாவில் நின்றிருந்த ஜெயபாரதியிடம் ரூஹி வந்தாள்.

"நான் வந்து கேட்டேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் அது முக்கால்வாசி உண்மை. பாக்கிக் கால்வாசியை அவள் இன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை தாண்டிப் போயிருந்தாள்.

"கொஞ்சம் தெரியும் பாப்பா."

ரூஹி தலையை ஆட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.