நந்தகோபால் பேசாத கூட்டம்

என் தம்பி நந்தகோபால் 1977 சட்டமன்றத் தேர்தலில் ஆம்பூர்ப் பக்கம் சுயேச்சையாக நின்றான். இருநூற்றுப் பதினாறு ஓட்டு வாங்கினான். 1984 மார்ச் மாதம், முப்பத்தெட்டு வயதில் இறந்தான். அந்த ஓட்டுக் கணக்கைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவன் ஜெயிப்பதற்காக நின்றவன் அல்ல. இறந்துபோன ஒரு மனிதரின் பெயரை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்வதற்காக நின்றான்.

எங்கள் அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனை வளர்த்தவள் நான்தான். நான் எட்டாவதோடு நின்றேன். அவனைப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்பார்கள். அப்படி ஒரு ஷாப்பில் அவனுக்கு டைம் கீப்பர் வேலை கிடைத்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆட்கள் வருவதையும் போவதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மாலையில் வேலை விட்டுப் போகும் பெண்களை அதே வாசலில் ஆண் காவலாளிதான் தடவிச் சோதனை போடுவான். தோல் துண்டை மறைத்துக் கொண்டு போகிறார்களாம். சோதனைக்கு ஒரு பெண்ணை வையுங்கள் என்று தம்பி இரண்டு முறை மேனேஜரிடம் கேட்டான். மூன்றாம் முறை கேட்கவில்லை. பெண்கள் வரிசைக்கும் காவலாளிக்கும் நடுவில் தன் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அதற்காக ஆறு நாள் சஸ்பெண்ட் செய்தார்கள்.

வேலாயுதம் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர். 1976 ஜூலையில் நாற்பது ஆட்டுத்தோல் காணாமல் போனது. விசாரிக்க வரச்சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அவர் தானாகவே நடந்து போனார். மூன்றாம் நாள் உடலைத்தான் கொடுத்தார்கள். காய்ச்சலில் இறந்தார் என்று காகிதத்தில் இருந்தது. உடலைக் குளிப்பாட்டிய அவர் மனைவி கோவிந்தம்மாள் முதுகிலும் உள்ளங்காலிலும் இருந்த தடங்களைப் பார்த்தார்.

அது எமர்ஜென்சி காலம். தம்பி ஏழு மனு எழுதினான். ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பத்திரிகைக்கு எழுதியதும் அப்படியே திரும்பி வந்தது. மறு வருஷம் தேர்தல் வந்தபோது ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னான்.

"யக்கா, வேட்பாளரா நின்னா மைக் பர்மிஷன் குடுத்தே ஆவணும். பாஜார்ல நின்னு வேலாயுதம் பேர சொல்லலாம். ஒரு தபா போதும்."

கூட வந்திருந்த ஷபீ அஹமது தலையில் அடித்துக்கொண்டார். அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து தோஸ்த்.

"ஒரு பேர சொல்றதுக்கு எம்மெல்லே எலெக்சனாடா? இன்னா பேஜார்டா உன்னோட! நான் கட வாசல்ல நின்னு கத்திட்டுப் போறேன்."

"கத்துனா உள்ள வெப்பான். நின்னா வெக்க மாட்டான்."

ஏணி சின்னம் கிடைத்தது. ஷபீ அஹமதின் சைக்கிள்களில் ஐந்து பேர் கிளம்பினார்கள். தம்பி தெருமுனைகளில் மைக் இல்லாமல்தான் பேசினான். போலீஸ் யாரைப் பிடித்தாலும் ஒரு நாளைக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பான். டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி கிளாஸ் வைத்தால் அந்தக் கடை லைசென்ஸை எடுக்க வேண்டும் என்பான். அப்படிப்பட்ட கடை வாசலிலேயே நின்று அதைச் சொல்லுவான். ஒரு கடைக்காரர் வெந்நீரை எடுத்து வீசினார். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் திரை மறைவில் என்று அவன் சொன்னபோது, எங்கள் தெருப் பெண்களே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "எலெக்சன்ல பேசற பேச்சா இது? தண்ணிக்கொழாய் போடுவியா, அத சொல்லு!" என்றாள் ஒருத்தி.

வேலாயுதத்தின் பெயரை மட்டும் அவன் கடைசி நாளுக்கு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு பிரசாரம் முடிந்துவிடும். எங்கள் ஊர் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால் தொழிலாளர் எல்லாரும் பாஜாரில் இருப்பார்கள். நாலு மணிக்குக் கூட்டம் என்று அனுமதி வாங்கினான். கோவிந்தம்மாளும் பேச ஒப்புக்கொண்டார்.

"நீங்க பக்கத்துல நிக்கணும் தம்பி. நீங்க நின்னா நான் பாத்தத சொல்லிடுவேன். இல்லன்னா எனக்கு வாய் வராது" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி சைக்கிளிலிருந்து விழுந்தான். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. காமாலையை ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வெயிலில் அலைந்திருக்கிறான்.

ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நின்றது. ஜெயிக்கக்கூடிய இரண்டு கட்சியிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு கட்சியின் ஆள் சுந்தரமூர்த்தி, இன்னொரு கட்சியின் ஆள் ராமலிங்கம். அன்றைய சட்டப்படி, வாக்குப்பதிவுக்கு முன்னால் எந்த வேட்பாளர் இறந்தாலும், சுயேச்சையாக இருந்தாலும், அந்தத் தொகுதியில் தேர்தல் ரத்தாகிப் பிறகு புதிதாக நடக்கும். இரண்டு பேருக்கும் அந்தப் பயம். தம்பியை வேலூரில் ஒரு நர்சிங் ஹோமில் தனி அறையில் சேர்த்தார்கள். காலையில் ஒருவர் சாத்துக்குடி கொண்டுவந்தால் மாலையில் மற்றவர் இளநீர் கொண்டுவந்தார்.

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றார் சுந்தரமூர்த்தி.

"நூறு எதுக்குங்க? ஞாயித்துக்கெழம அஞ்சு மணி வரைக்கும் போதும்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஷபீ அஹமது ஒரு டாக்சியோடு வந்தார். பள்ளிகொண்டா வழியாகப் போனால் மூன்றரைக்கு முன்பே போய்விடலாம் என்றார். தம்பி சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். நான் டாக்டரைக் கேட்டேன். இந்த உடம்போடு வெயிலில் போனால் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் அறைக் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

"வழி விடு யக்கா. பத்து நிமிசம் பேசிட்டுத் திரும்பிடறேன்."

"போனா பொணமாத்தான் திரும்புவ. உன்ன அனுப்பிட்டு நான் யாருக்குடா சோறு போடறது?"

"அந்தம்மா நிப்பாங்க."

"நிக்கட்டும். எனக்கு நீ ஒருத்தன்."

சுந்தரமூர்த்தியும் ராமலிங்கமும் வெளியிலிருந்து, "அக்கா சொல்றதுதான் கரெக்ட்" என்று சேர்ந்தே சொன்னார்கள். அவர்கள் எனக்குத் துணை என்று அப்போது நினைத்தேன். தம்பி என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அளவுக்கு அவனுக்குப் பலம் இருந்தது. தள்ளவில்லை.

"நீயும் ஸ்டேஷன்காரன் மாதிரி பண்றியே" என்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஷபீ அஹமது என் முகத்தைப் பார்க்காமல் டாக்சியில் ஏறிப் போனார்.

பாஜாரில் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். மூன்றே முக்காலுக்கே கோவிந்தம்மாள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு மேடை ஓரம் வந்து நின்றிருக்கிறார். நல்ல கூட்டம். அனுமதி வேட்பாளர் பெயரில் இருக்கிறது, அவர் இல்லாமல் மைக் போடக்கூடாது என்று காவலுக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டார். மைக் இல்லாமலாவது சொல்லலாம் என்று ஷபீ அஹமது பெஞ்சில் ஏறினார். அதிகாரி பக்கத்தில் வந்து, "பாய், கட எங்க வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஷபீ அஹமது இறங்கிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழுதார். கோவிந்தம்மாள் ஐந்து மணி வரை அதே இடத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஓட்டு முடிந்தது. ஆறு மணிக்கு நான் ஜன்னலில் பார்த்தபோது காரும் இல்லை, ஆளும் இல்லை. செவ்வாய்க்கிழமை தம்பியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஊர் வந்தேன்.

இரண்டு மாதத்தில் அவன் தேறிவிட்டான். தேறத் தேற எனக்குத்தான் உறுத்தியது. அன்று போயிருந்தாலும் பிழைத்திருப்பானோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஷாப்பில் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினான்.

கோவிந்தம்மாள் ஊரைவிட்டுப் போய்விட்டார். நெமிலியில் அண்ணன் வீட்டில் இருப்பதாக 1979 கடைசியில் தெரிந்தது. அடுத்த தேர்தலில் திரும்ப நிற்கிறேன், அவரைக் கேட்டு வருகிறேன் என்று தம்பி கிளம்பினான். நானும் போனேன். அரக்கோணம் வரை ரயில், பிறகு பஸ்.

அவர் எங்களைப் பாய் போட்டு உட்கார வைத்தார். தம்பி வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அன்னிக்கி அவன் வரேன்னுதாம்மா சொன்னான். நான்தான் கதவ மறிச்சிக்கினேன்."

கோவிந்தம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது மறிச்ச. நான் அவருக்கு சோறு கட்டிக் குடுத்து அனுப்பினேன்" என்றார்.

தம்பி எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தான். பிறகு தேர்தலைப் பற்றிச் சொன்னான். இந்த முறை கடைசி நாள் வரை காத்திருக்கப்போவதில்லை, முதல் நாளே பேசிவிடலாம் என்றான்.

"வேணாம் தம்பி. பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். மாப்ள வூட்ல, அப்பா காய்ச்சல்ல செத்தார்னு சொல்லியிருக்கோம். போலீஸ் கேசுன்னு தெரிஞ்சா உட்டுட்டுப் போயிடுவாங்க. அவர் பேர நீங்க எங்கயும் எடுக்கக் கூடாது. அவ இருக்கற வரைக்கும்."

"சரிம்மா" என்றான் தம்பி.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் சொன்னதால் சாப்பிட்டோம். தம்பி 1980 தேர்தலில் நிற்கவில்லை. டீக்கடை கிளாஸைப் பற்றியும் வாசல் சோதனையைப் பற்றியும் கடைசி வரை பேசினான். ஸ்டேஷனில் ஆட்களை அடைப்பதைப் பற்றியும் பேசினான். உதாரணம் சொல்லு என்று யாராவது கேட்டால் வாயை மூடிக்கொள்வான்.

கோவிந்தம்மாளின் பெண் இப்போது இரண்டு குழந்தைகளோடு நன்றாக இருக்கிறாள். தம்பி கொடுத்த வாக்கு எனக்கும் சேர்ந்ததுதான். அதனால் வேலாயுதம், கோவிந்தம்மாள் என்று நான் இங்கே எழுதியவை அவர்களுடைய பெயர்கள் அல்ல. கோவிந்தம்மாள் போன ஊரையும் மாற்றியிருக்கிறேன். என் தம்பியின் பெயரும் அவன் வாங்கிய ஓட்டும் உள்ளபடி இருக்கின்றன.