மல்சுன் வீட்டு மலையாடும் பூட்டிய வேலியும்

டிசம்பர் 22. காய்ந்த மல்பெரி இலை, இரண்டு மூட்டை: 46,000 வான்.
டிசம்பர் 23. கட்டுத்துணி, புண் மருந்து: 18,500 வான்.
ஜனவரி 9. கொட்டகைக்குத் தார்ப்பாய்: 35,000 வான்.
ஜனவரி 15. பதிவுத் தபால், ஒன்று: 3,800 வான்.
பிப்ரவரி 7. ‘வனவிலங்குகளை நேசிப்போம்’ பதாகை, ஆறு மீட்டர்: 90,000 வான்.
அதே நாள். வனவிலங்குகளுக்குத் தீவனம்: 60,000 வான்.

முதல் நான்கும் தக் மல்சுனின் கைக்காசு. கடைசி இரண்டும் ஊர்ச் சங்கத்தின் காசு. தீவனத்தைவிடப் பதாகைக்கு அதிகம் செலவானதை யாரும் குறை சொல்லவில்லை. பதாகையை அடுத்த ஆண்டும் கட்டலாம். தீவனத்தை விலங்குகள் தின்றுவிடுகின்றன.

மல்சுனுக்கு வயது அறுபத்தெட்டு. மூன்று பக்கமும் மலை அடைத்த எங்கள் எல்லை ஊரில் முள்ளங்கிக் கீரையைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்து விற்பவர். அதற்கு முன் ராணுவ முகாமின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அதனால் எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் தட்டை நீட்டி வரிசையில் நிற்பவராகவே நினைத்து அதட்டுவார்.

அவர் கணவர் உயிரோடு இருந்தவரை ஊர் வேட்டைக் குழுவில் இருந்தார். பயிரை மேயும் நீர்மானைச் சுட்டால் அரசு பணம் கொடுக்கும். குண்டு தவறிக் காலில் பட்ட நீர்மானைத் தூக்கி வந்து சேர்த்தால் அதே அரசு அதன் வைத்தியத்துக்கும் பணம் கொடுக்கும். ஆக அந்த வீட்டில் ஒருவர் சுடுவார், ஒருவர் கட்டுப் போடுவார். இதனால் குடும்பத்தில் சண்டை வந்ததில்லை.

“அந்த மனுசன் குறி பாத்த லட்சணத்துக்கு எனக்கு ஒரு நாளும் வேலை இல்லாமப் போனதில்ல” என்பார் மல்சுன்.

அவருடைய முதல் நோயாளி ஒரு நீர்மான் குட்டி. குளிரில் விறைத்துக் கிடந்ததைத் தூக்கி வந்து, வெந்நீர்ப் பையை அணைத்து வைத்து, குழையக் குழைய அரிசிக் கஞ்சி காய்ச்சி, மேலே நல்லெண்ணெய் விட்டு ஊட்டினார். எங்கள் ஊரில் காய்ச்சலில் படுத்த மாமியாருக்குக்கூட நல்லெண்ணெய் விடுவது மருமகளின் மனநிலையைப் பொறுத்தது. குட்டிக்குத் தாராளமாகவே விட்டார். மறுநாள் அது வயிறு ஊதிச் செத்தது. நகரத்து விலங்கு மீட்பு மையத்தின் மருத்துவர் பியோன் சுஜின் தொலைபேசியில் விளக்கினார்: இலையும் சுள்ளியும் தின்னப் பிறந்த வயிற்றில் அரிசி போனால் உள்ளேயே புளித்துப் பொங்கிக் கொன்றுவிடும்.

மல்சுன் அன்று ஒரு பலகை எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டினார்: ‘இங்கே யாரும் சோறு போடக் கூடாது.’ எதிரே வருபவரை நலமா என்று கேட்காமல் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஊர் எங்களுடையது. பலகையைப் பார்த்த தபால்காரர், மல்சுன் மருமகளோடு சண்டை போட்டுவிட்டதாக நான்கு தெருவுக்குச் செய்தியையும் சேர்த்தே பட்டுவாடா செய்தார்.

இனி வேலியைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் காட்டுப்பன்றிகளுக்கு ஒரு கொள்ளைக் காய்ச்சல் வந்தது. அது தெற்கே பரவாமலிருக்க மலையடிவாரம் முழுக்க ஆளுயரக் கம்பி வேலி போட்டார்கள். காய்ச்சல் வேலியைத் தாண்டித் தெற்கே போய்விட்டது. வேலி மட்டும் சொன்ன சொல் தவறாமல் இங்கேயே நிற்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் வேலியைப் பழுதுபார்க்க வந்தவர்கள் மல்சுனின் வயலை ஒட்டியிருந்த கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பாறை முகட்டில் வாழும் மலையாடு ஒன்று அந்த வழியாக இறங்கி வந்துவிட்டது. சாப்பிட்டு வந்தவர்கள் மிகுந்த பொறுப்போடு கதவைப் பூட்டினார்கள். அதன் பாறைகளும் அதன் இனமும் அந்தப் பக்கம்; அது இந்தப் பக்கம். டிசம்பரில் பனி இடுப்பளவு விழுந்தது. திரும்பிப் போக வழி தேடி வேலியோரமாகவே நடந்து நடந்து, கம்பியில் கால் கிழிந்து, அந்தப் பெட்டை ஆடு பூட்டிய கதவின்மேல் சாய்ந்து நின்றதை மல்சுன் இருபத்தோராம் தேதி பார்த்தார். முதுகில் போட்டுத் தூக்கி வந்தார்.

மருத்துவர் பியோனை அழைத்தபோது நானும் கூட இருந்தேன்.

“பெரியம்மா, இங்க இடமே இல்ல. குளியலறையில ரெண்டு மலையாடு நிக்குது. நான் மூணு நாளா பக்கத்து வீட்டுல குளிக்கிறேன்.”

“அப்ப இத என்ன பண்ணட்டும்?”

“பாதை திறக்கிற வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க. மல்பெரி இலை, சுள்ளி, தண்ணி. வேற ஒண்ணும் கூடாது. வயித்தத் தடவிப் பாருங்க, கீழ உருண்டையா இருக்கா?”

மல்சுன் தடவினார். “இருக்கு. சின்னதா, கெட்டியா.”

“சினையாத்தான் இருக்கும். மலையாட்டுக்கு ஏழு மாசம், மே மாசக் கடைசில போடும். அதுக்குள்ள அது பாறைக்குப் போயாகணும். கட்டாந்தரையில பெத்தா குட்டி பொழைக்காது.”

அன்றிலிருந்து மல்சுனுக்கு ஒரே குறிதான்: இதைப் பனிக்காலம் தாண்ட வைக்க வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் விட வேண்டும்.

மலையாடு எங்கள் நாட்டில் பாதுகாக்கப்பட்ட சின்னம். பழைய கற்கோபுரங்களோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஊர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் படிவத்தை நான் நிரப்பினேன். ‘செய்பொருள்: கல், மரம், உலோகம், மற்றவை’ என்ற இடத்தில் மற்றவை என்பதைத் தேர்ந்தேன். ‘சேதத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில் பசி என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து ஓர் அதிகாரி அழைத்தார். பசி என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லையாம்.

மல்சுன் என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார். “ஆதாரமா? வயித்தத்தான் அனுப்பணும். பார்சல்ல போட்டா போதுமா, பதிவுத் தபாலா?”

பிறகு வேலிக் கதவை ஒரே ஒரு முறை திறந்துவிடக் கேட்டு ஜனவரி பதினைந்தில் மனு அனுப்பினோம். வேலி ஒரு பிரிவுடையது, பூட்டு இன்னொரு பிரிவுடையது, ஆடு மூன்றாம் பிரிவுடையது என்று தெரிய வந்தது. மூன்று பிரிவும் ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் இருக்கின்றன. அதனால்தான் கலந்து பேச நாளாகும் என்றார்கள்.

ஆடு தேறியது. கால் புண் காய்ந்தது. மல்சுன் தினமும் சுள்ளி ஒடித்துப் போட்டார், திட்டிக்கொண்டே போட்டார். மனிதரோடு பழகிவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முகாம் சமையலறையில் பல நூறு சிப்பாய்கள் பழகிவிடாமல் பார்த்துக்கொண்டவருக்கு ஓர் ஆடு பெரிதில்லை.

பிப்ரவரி ஏழாம் தேதி சங்கத்தின் தீவன நாள். சங்கத் தலைவர் மோ சாங்யொல் உரக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், நல்ல மனிதர் என்பது புகைப்படத்தில் தெரிய வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர். இருபது பேர் பச்சைக் கையில்லா மேலங்கி போட்டுக்கொண்டு, பதாகையைப் பிடித்து, முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். சோளத்தைப் பாதையோரம் கொட்டினார்கள். ஊர்ப் புறாக்கள் அந்த நாளை நன்றியோடு நினைவில் வைத்திருக்கின்றன. மல்சுன் எல்லாருக்கும் தேநீர் போட அடுப்படிக்குப் போனார். அந்த நேரத்தில் தலைவர் மட்டும் கொட்டகைக்குள் நுழைந்தார்.

சந்திர நாட்காட்டிப்படி புத்தாண்டுக்கு மூன்றே நாள் இருந்தது. எங்கள் ஊரில் புத்தாண்டன்று அரிசிப் பணியாரத் துண்டு போட்ட வடிசாறு குடித்தால்தான் ஒரு வயது ஏறியதாகக் கணக்கு. தலைவரின் மனைவி அன்று காலைதான் வெந்த அரிசி மாவை இடித்து வெள்ளைப் பணியாரம் செய்திருந்தார். தலைவர் சட்டைப் பைகளில் அதுதான் இருந்தது. ஆடு முதலில் மோந்து பார்த்தது. பிறகு இரண்டு பையையும் காலி செய்தது.

தேநீரோடு வந்த மல்சுன் அவர் கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

“என்னய்யா குடுத்த?”

“பணியாரம்மா. பாவம், அதுக்கும் ஒரு வயசு ஏற வேணாமா?”

“வாசல்ல பலகை மாட்டியிருக்கேனே, கண்ணு எங்க போச்சு?”

“பாத்தேம்மா. சோறுதான போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு? நான் சோறு போடலியே!”

மல்சுன் தேநீர்த் தட்டை என் கையில் கொடுத்தார். அதை எறியாமல் கொடுத்தது அவரால் முடிந்த அதிகபட்ச மரியாதை.

மதியத்துக்குள் ஆட்டின் இடப்பக்கம் மேளம்போல் இறுகியது. வாயில் நுரை தள்ளியது. மருத்துவர் தொலைபேசியிலேயே சொல்லச் சொல்ல மல்சுன் செய்தார்: முன்பக்கம் உயரமாக நிறுத்தி வைப்பது, சமையல் சோடாவைக் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுவது, விலாவை விடாமல் அமுக்கித் தேய்ப்பது. தேய்க்கிற வேலை தலைவருக்கு விதிக்கப்பட்டது.

“முட்டி வலிக்குதும்மா.”

“அதுக்கு வயிறு வலிக்குது. தேய்.”

“எவ்வளவு நேரம்?”

“அது ஏப்பம் விடற வரைக்கும். இல்ல நீ சாகற வரைக்கும். எது முன்னாடியோ.”

“நான் வேணும்னு செய்யலம்மா.”

“தெரியும். அதனாலதான் உன்ன உயிரோட வச்சிருக்கேன். நானும் ஒண்ணக் கஞ்சி ஊத்திக் கொன்னவதான். வாய மூடிக்கிட்டுத் தேய்.”

பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து மருத்துவர் பியோன் வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. வாய் வழியே குழாய் விட்டார். கொட்டகை முழுக்கப் புளித்த நாற்றம் எழுந்தது. ஆடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. பச்சை மேலங்கி போட்ட சங்கத் தலைவர் ஓர் ஆட்டின் ஏப்பத்துக்குக் கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். அதைப் படம் எடுக்க ஒருவரும் இல்லை.

மருத்துவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். “குட்டி இருக்கு. ஆனா பெரியம்மா, இத இனிமே ரொம்ப நாள் வைக்காதீங்க. பணியாரம் தின்ன ஆடு மனுசனப் பாத்தா ஓடாது, பக்கத்துல வரும்.”

அது உண்மையாயிற்று. மார்ச் தொடங்கியதும் தலைவரின் குரல் கேட்டாலே ஆடு கொட்டகைத் தட்டியை முட்டியது. தாய்க்கும் மகனுக்கும் இல்லாத பாசம். மல்சுன் அவரைத் தெருவின் அந்த முனையிலேயே நிறுத்திவைத்தார். அலுவலகத்தை அழைத்தால், மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வேலியை வெட்டினால் வழக்கு. மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போகிற பாதை ராணுவத்துடையது. பனிக்காலம் முடியும்வரை மூடியிருக்கும்.

ஒரு நாள் மல்சுன் வேலியோரம் வெகு நேரம் நின்றுவிட்டு வந்தார்.

“அண்ணே, அந்தப் பக்கம் காத்து பனியக் கொண்டுவந்து வேலி உசரத்துக்குக் குவிச்சிருக்கு. மேல கெட்டியா இறுகிப் போச்சு. இந்தப் பக்கமும் அதே மாதிரி இருந்தா, வேலி எதுக்கு, கதவு எதுக்கு? அது நடந்தே போயிடும்.”

“இந்தப் பக்கம் இல்லையே.”

“இல்லதான். வெயிலும் ஏற ஆரம்பிச்சாச்சு. பத்து நாள் போனா அந்தப் பக்கத்துதும் இருக்காது. வீட்டு முன்னாடி பனிய அவங்கவங்க வாரணும்னு சட்டம் இருக்குல்ல? வாரின பனிய எங்க கொட்டணும்னு இருக்கு?”

எடுத்துப் பார்த்தேன். ‘போக்குவரத்துக்கு இடையூறில்லாத இடத்தில்’ என்று இருந்தது. பூட்டிய கதவைவிடப் போக்குவரத்து இல்லாத இடம் எங்கள் ஊரில் இல்லை.

மறுநாள் காலை தலைவர் மோ தம் டிராக்டரோடு வந்தார். பின்னால் சங்கத்தின் இருபது பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். பனிக்காலம் முழுக்கத் தம் வாசலைக்கூட வாராதவர்கள் அன்று அடுத்தவர் வாசலை வாரினார்கள். யார் காலுக்கும் இடைஞ்சல் செய்யாமல் வயலில் கிடந்த பனியையும் விடவில்லை. எல்லாம் மல்சுன் வயலோரம் வேலியின்மேல் சாய்ந்தது. டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கி மிதித்தது. இரண்டாம் நாள் மாலை வேலியின் உச்சிக் கம்பி பனிக்குள் மறைந்தது. இரவுக் குளிரில் அது இறுகியது.

மார்ச் பதினான்கு காலை, கொட்டகைத் தட்டியைத் திறந்தார்கள். ஆடு சரிவின் பாதிவரை ஏறி நின்றது. திரும்பிப் பார்த்தது, மல்சுனை அல்ல, தலைவரின் சட்டைப் பையை. தலைவர் இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காலியென்று காட்டினார். அது நம்பவில்லை. இரண்டடி இறங்கியது.

மல்சுன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். “போடி! என்ன இங்க உனக்கு? பணியாரத்துக்கு அலையுற சென்மமா நீ? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இந்த ஆளு பின்னாடி போவியா? போ! போன்னா போ!”

முகாமே நடுங்கிய குரல் அது. ஆடு ஒரே தாவலில் உச்சிக்குப் போனது, அந்தப் பக்கம் சறுக்கியது, எழுந்தது, பாறை முகடு நோக்கி நடந்தது. ஒரு முறையும் திரும்பவில்லை. மல்சுன் பனியில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“பேசாத” என்றார் மல்சுன். “உன் குரலக் கேட்டா மறுபடி வந்துடும்.”

அவர் முகம் நனைந்திருந்தது. துடைப்பத்தால் முகத்தைத் துடைக்க முடியாது என்பதால் தலைவர் தம் பச்சை மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்கு அது பயன்படும் என்று சங்கத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றே அந்தச் சரிவை வாரி எடுத்தோம். நான்கு நாள் கழித்து ஓர் அதிகாரி வந்து பூட்டைப் பார்த்தார், கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

“பூட்டு அப்படியே இருக்கே. ஆடு எப்படிப் போச்சு?”

“நடந்து போச்சு” என்றார் மல்சுன். “சாப்பிட்டீங்களா சார்?”

அதிகாரி கீரை வடிசாறும் சோறும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். படிவத்தில் ‘சின்னத்தின் தற்போதைய இருப்பிடம்’ என்ற இடத்தில் நான் மலை என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் மருத்துவர் பியோன் தொலைநோக்கியால் பாறை முகட்டைப் பார்த்துவிட்டு மல்சுன் கையில் கொடுத்தார். கிழிந்த கால் தழும்போடு தாய் நின்றது. காலடியில் குட்டி நின்றது. மல்சுன் பார்த்துவிட்டு, “குட்டிக்கு ஒரு வயசு ஏறறதுக்குள்ள அந்தப் பணியார ஆளு கைக்கு விலங்கு மாட்டணும்” என்றார்.

ஜனவரி மனுவுக்குப் பதில் வராமல் போகவில்லை. மூன்று பிரிவுகளும் முத்திரை வைத்திருந்தன. மூன்று பிரிவின் அதிகாரிகள் முன்னிலையில், பனிப்பொழிவால் தவிக்கும் விலங்கின் நலன் கருதி, கதவை ஒரு மணி நேரம் திறக்கலாம் என்று அதில் இருந்தது. அனுமதி பிப்ரவரி கடைசி நாள்வரை செல்லும். கடிதம் வந்து சேர்ந்தது ஜூலை 26.