மர்ஜான் ருசி பார்த்த மழை

எங்கள் கூடாரங்களில் மர்ஜானைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. தாயில்லாத இளவரசன் எலமானுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். பையன் வாய்க்குப் போகும் எதையும் முதலில் தானே ருசி பார்ப்பாள். நான் கொடுக்கும் ரொட்டியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் வாங்குவாள். எனக்கு வரும் பாருங்கள் கோபம்!

எலமானின் அப்பா, எங்கள் அரசரான கான், இறந்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வழக்கப்படி வாரிசு மழைக்கல் போட்ட குதிரைப்பாலைக் குடிக்க வேண்டும். பிறகு அவனை வெள்ளைக் கம்பளத்தில் வைத்து நான்கு பேர் தலைக்கு மேலே தூக்குவோம். அவன் கூப்பிட்டால் மழை வர வேண்டும். வராவிட்டால் வில் நாணால் கழுத்தை நெரித்துவிட்டு, சித்தப்பன் கராபையைக் கானாக்குவார்கள். கல்லின் சூட்சுமம் தெரிந்த கிழவன் போன குளிர்காலத்தில் செத்துப்போனான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற இந்தக் கராபைதான் கடைசிவரை அந்தக் கிழவன் பக்கத்தில் இருந்தவன்.

அன்று கராபையே கிண்ணத்தை நீட்டினான். மர்ஜான் குறுக்கே வந்து நின்றாள்.

"எம்மேல சந்தேகமா? தாராளமா குடிச்சுப் பாரு. நீ குடிச்சாத்தான் எனக்கும் நிம்மதி" என்றான்.

ஒரு மடக்குக் குடித்தாள். விஷம் இல்லை. எலமானும் குடித்தான். தூக்கினோம். ஒரு மூலை என் கையில். பையன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். வானம் வெளுத்தே கிடந்தது. நாணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கராபை மர்ஜானின் காதருகே குனிந்தான். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"முதல்ல குடிக்கிற வாய்க்குத்தான் கல்லு கட்டுப்படுமாம். கிழவன் எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனான். ருசி பாக்காம நீ விடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

சண்டாளன்! மர்ஜான் சட்டென்று குனிந்து, நாங்கள் தூக்கியிருந்த கம்பளத்துக்கு அடியில் புகுந்தாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு, கண்ணு" என்றாள்.

அவன் மேலே கத்தினான். இவள் கீழே, யாருக்கும் வாய் தெரியாமல், முணுமுணுத்தாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஜனங்கள் சேற்றில் விழுந்து புதிய கானை வணங்கினார்கள். உண்மையைச் சொன்னால் தன் குட்டும் உடையும் என்று கராபை குதிரையேறி ஓடிவிட்டான்.

சாயங்காலம் மர்ஜான் எலமானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளை மாதிரி, அவனிடம் என்ன ஒளிவுமறைவு? அவன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதானாம்.

மறுநாள் காலையில் அவள் கூடார வாசலில் இரண்டு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். தண்ணீருக்குக்கூட அவளை வெளியே விடவில்லை. நான் போனபோது என் கையைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, இவனுங்க கராபை ஆளுங்க. எலமான்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லுங்க. புள்ளைக்கு எதுவும் ஆயிடப்போகுது."

விடியும்முன் அவர்களுக்கு எலமான் உத்தரவு கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். சரி, சொல்கிறேன் என்று அவளிடம் தலையாட்டிவிட்டு வந்தேன்.