பூச்சை உரித்த சுவர்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பா பூச்சு மேஸ்திரி. நீலசந்திராவில் எங்கள் தெரு ஆட்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, பெங்களூரில் எங்கே கூப்பிட்டாலும் சுவர் பூசப் போவார்.

இன்டீரியர் டிசைன் முடித்து நான் தனியாக எடுத்த முதல் வேலை, லிங்கராஜபுரத்தில் ஒரு கைத்தறிக் கடை. பழைய கட்டடம். சுவர்களுக்கெல்லாம் புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு என்று வரைந்திருந்தேன். அதை அப்பாவே செய்யட்டும் என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வந்த வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு, "என் புள்ள போடுற கடை" என்று சொல்லி அப்பா ஆட்களைத் திரட்டினார்.

வேலை தொடங்க வேண்டிய காலையில் கடைக்காரர் முந்திக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மூலையில் பழைய பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்தவர், பூச்சே வேண்டாம், மொத்தத்தையும் உரித்துச் செங்கல்லை அப்படியே விட்டுவிடலாம் என்றார். 'கை உழைப்பைக் கொண்டாடும் கடை' என்று நான் எழுதிக் கொடுத்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னார். சரி என்றேன். செங்கல் அழகாகத்தான் இருந்தது.

அவர் போனதும் அப்பாவும் ஆட்களும் கரணை, மட்டப்பலகையோடு வந்து இறங்கினார்கள்.

"நைனா, பூச்சு இல்லியாம். இருக்கிறத உரிக்கணுமாம்."

"உரிச்சிட்டு?"

"அப்படியே விட்டுடணும்."

"அப்படியேன்னா? காசு தீந்து போனவன் ஊடு மாதிரியா?"

கலவை சுமக்கும் அக்கா சிரித்துவிட்டாள். "படிக்க வெச்சியே மேஸ்திரி, நல்லா வெச்சான் பாரு உனுக்கு வேட்டு! இடிக்கிறதுக்கு மேஸ்திரி எதுக்கு? நாங்களே போதுமே."

மற்றவர்கள் சிரிக்கவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்கு அதற்குள் வேறு ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். அப்பா அவர்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், "உளியும் சுத்தியும் வாங்கினு வா" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சுவரைக் கொத்தினார்கள். செங்கல் முனை உடையாமல் பதமாகக் கொத்தினார் அப்பா. புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. வீட்டில், "புள்ளையோட கடை எப்படி வருது?" என்று அம்மா கேட்டபோது, "வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

கடைசி நாள் கடைக்காரர் வந்து சுவரைப் பார்த்து அசந்துபோனார். இன்னும் இரண்டு கடை திறக்கப் போகிறாராம். அங்கேயும் இதே மாதிரி சுவர், இதே ஆட்கள் வேண்டும் என்றார். அப்பா வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அங்கயும் உரிக்கிறதுதானா?"

"ஆமா நைனா."

அந்த அக்காவும் மற்றவர்களும் பக்கத்தில் உளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா இன்னொரு தரம் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"வர்றோம்னு சொல்லிடு. இவங்களுக்கு வேலை வேணுமில்ல?"

உள்ளே போய்ச் சொன்னேன். கடைக்காரர் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.