ஒரு கிளாஸ் தண்ணீரில் ஞானஸ்நானம்

என் மகளின் காய்ச்சல் இறங்கியது, நான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னரா, பின்னரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். எங்களில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. என் கணவர் பப்டிஸ்ட். அங்கே பிள்ளை வளர்ந்து, தானாக விசுவாசித்த பிறகுதான் தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம். சபைகளை ஒன்றாக்கப் பேசும் குழுவில் அவரும் ஒருவர். "சபைகள் ஒன்றாகட்டும், அதுவரை பிள்ளைக்கு ஒண்டும் செய்யாமல் இருப்பம்" என்றார். சம்மதித்தேன்.

அவளுக்கு எட்டு மாதமானபோது நிமோனியா. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், கொட்டாஞ்சேனையில் குழுக் கூட்டம். "போகாதேங்கோ" என்றேன்.

"இண்டைக்கு ஞானஸ்நானத்தைப் பற்றித்தான் கதைக்கப் போறம். பின்னேரம் வந்திடுவன். நீர் யோசியாதேயும்."

வரவில்லை. அங்கே இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் இருப்பதாக வார்டுக்குப் போன் வந்தது. டொக்டரும் என் முகத்தைப் பார்க்காமலே, இந்த இரவு தாண்டினால்தான் பிள்ளையைப் பற்றிச் சொல்லலாம் என்றுவிட்டுப் போனார்.

அன்றிரவு பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் தாய் ஒரு கத்தோலிக்க அக்கா. "ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்று கேட்டா.

"இல்லை அக்கா. சபைகள் ஒன்றாகட்டும் எண்டு..."

"அதுக்குள்ள ஒன் புள்ள கெழவியாயிருவா! நீயே தண்ணிய ஊத்து. ஆபத்துல யாரும் குடுக்கலாம்."

கோபம் வந்தது. ஆனாலும் கை கிளாஸை எடுத்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மகளின் நெற்றியில் ஊற்றினேன். "ஆண்டவரே, இரண்டு பேரையும் திருப்பித் தாரும்." வேறு ஜெபம் வரவில்லை.

காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை; பிள்ளை பால் குடித்தாள். மத்தியானம் அவரை விசாரித்து விட்டுவிட்டார்கள்; வந்தார், காலில் செருப்பில்லாமல். மகளைத் தூக்கி வைத்து அழுதார். தண்ணீர் ஊற்றியதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தன் சபையில் சாட்சி சொன்னார்: "நாங்கள் சொன்ன சொல்லில நிண்டம். கர்த்தர் பிள்ளையைத் தந்தார்." மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் தலை குனிந்திருந்தேன்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு பாடமாக்கிய ஜெபங்களைத்தான் சொல்வேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஒரு வரி ஜெபம்தான் வருகிறதென்றாலும், பயப்படாமல் அதையே சொல்லுங்கள்.

குழுப் பேச்சு நின்றுபோனது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்து மறுபடி முழுக்கு எடுக்கலாமா என்ற கேள்வியை அவர்களால் தாண்ட முடியவில்லை. அவர் இப்போது கூட்டங்களுக்குப் போவதில்லை. மகள் ஒருநாள் அப்பாவின் சபையில் முழுக்குக் கேட்பாள். என் சபையோ, ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்கிறது.

சகோதரிகளே, அவரிடம் சொல்லட்டுமா? சொல்வதானால் எப்படித் தொடங்க? யாராவது எழுதுங்கள்.