வதனி ஓட்டிய படகில் சாகனே

மொன்றியலில் பனி குவிந்து கிடந்த மாதங்களில் என் மனைவி வதனி சிறு படகு ஓட்டும் அனுமதி அட்டைக்குப் படித்தாள். பொழுதுபோக்கு என்றே நினைத்தேன். ஓகஸ்டில் இருவருக்கும் ஒரே வார இறுதி ஓய்வு கிடைத்ததும், "சாகனே போவம், படகை நான் ஓட்டுறன்" என்றாள்.

வடக்கே, கடல்நீர் நூறு கிலோமீற்றர் அளவுக்கு மலைகளுக்குள் புகுந்து கிடக்கும் ஆழமான நீர்வழி சாகனே. மொன்றியலின் சென்ட் லோரன்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கியூபெக் நகரம் வழியாக ஏறத்தாழ 480 கிலோமீற்றர். இடையில் ஒரு கோப்பி குடித்து, ஆறு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆன்ஸ் சென் ஜோன் கிராமத்தில் தங்கும் அறைக்கு 140 டொலர். படகு வாடகை நாளுக்கு 320, எரிபொருள் தனி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். படகுத்துறைப் பெண்மணி பிரெஞ்சில் வேகமாக விளக்கியதெல்லாம் வதனிக்குத்தான் புரிந்தது. அவள் வேலை செய்வது கார்தெரி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பிரெஞ்சு. பிற்பகலில் கிழக்குக் காற்று எழும்பலாம், கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்தில் அது எதிர்த்து வீசினால் அலை குத்திட்டு நிற்கும் என்றாராம் அந்தப் பெண்மணி.

போகும்போது நீர் கறுத்த கண்ணாடிபோல் கிடந்தது. இரு கரையிலும் பாறை நேரே நீருக்குள் இறங்குகிறது; காலூன்ற ஓரமே இல்லை. வெடிப்புகளில் வேர்விட்ட மரங்கள் தலைசாய்த்து நின்றன. தூரத்தில் வெள்ளைத் திமிங்கிலங்களின் முதுகுகள் இரண்டு தெரிந்தன. கிட்டப் போகச் சொன்னேன். நானூறு மீற்றருக்குள் போகக்கூடாதென்பது சட்டம் என்று வதனி விலத்தியே ஓட்டினாள். பதினைந்து கிலோமீற்றர் தாண்டி, முந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த திரினித்தே முனையின் கீழ் இயந்திரத்தை நிறுத்தினாள். அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது.

திரும்பும்போது, மதியம் இரண்டு மணிபோல், காற்று முகத்தில் அறைந்தது. சிறிது நேரத்தில் படகின் முன்பக்கம் எழும்பி எழும்பி விழத் தொடங்கியது. முனைக்குப் பின்னால் உள்ள குடாவுக்குத் திரும்புவோம் என்றாள் வதனி. நான் மறுத்தேன். நான்கு மணிக்குப் படகைக் கொடுக்கவேண்டும், பிந்தினால் மேலதிகக் காசு, விடிந்தால் எனக்கு வேலை. பாறை ஓரமாகவே போனால் என்ன என்று கேட்டேன்.

"பாறையில அடிச்ச அலை திரும்பி வரும், ரெண்டு பக்கத்தாலயும் தூக்கும். படகு என்ர பொறுப்பு. நீங்கள் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

இருந்தேன். இரண்டு அலைகளுக்கிடையில் பொறுத்துப் பார்த்து, சட்டென்று படகைத் திருப்பினாள். இடுப்புவரை நனைந்தோம். அந்தக் குடாவுக்குள் நுழைந்ததும் காற்றே இல்லை. மிதவையொன்றில் படகைக் கட்டிவிட்டு, றேடியோவில் படகுத்துறைக்குச் சொன்னாள்.

அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். கொண்டுபோன புட்டும் முட்டைப்பொரியலும் அங்கேதான் முடிந்தன. வெயில் நகர நகரப் பாறை சாம்பலிலிருந்து செம்பு நிறமானது. ஒரு கடல்நாய் தலையை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. பயணத்தில் மிக அழகான பொழுது அதுதான். மாலையில் காற்று விழுந்தபின் மெல்லத் திரும்பினோம். துறையில் கயிற்றை வாங்கிய பெண்மணி வதனியின் தோளைத் தட்டினார். மேலதிகக் காசு கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஓகஸ்டிலும் தடித்த சட்டை வேண்டும். வற்றுப்பெருக்கு நேரத்தை முதல்நாளே கேட்டுவையுங்கள். தொலைபேசி பல இடங்களில் வேலை செய்யாது. றேடியோ இல்லாத படகை எடுக்காதீர்கள். திரும்பும் நாளில் அவசர வேலை எதுவும் வைக்காதீர்கள். படகோட்டி திரும்புவோம் என்றால் திரும்புங்கள்.

வீடு நோக்கி வரும்போது கார் நான் ஓட்டினேன். வதனி கேட்டாள்:

"நேரம், காசு எண்டெல்லாம் சொன்னியள். உண்மையில பயந்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"எனக்கும் பயம்தான்" என்றாள். "அதாலதான் திருப்பினனான்."